தாழ்த்திய பழைய காருக்கு முழு சைலன்சர் லைன்: எந்த வழி யாருக்கு?

பல்லடம், கோபி, நாமக்கல் என்று எந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தாலும் சாரம் ஒன்றுதான். “பத்மினியை ரெண்டு இஞ்ச் எறக்கியிருக்கேனுங்க. சைலன்சர் முழுக்க ஓட்டை. மொத்த லைனையும் மாத்தோணும். பழைய மாதிரியே போட்டுக்கலாமா, எஸ்.எஸ்.ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) செஞ்சுக்கலாமா, இல்ல சைடுல விட்டுரலாமுங்களா?” அம்பாசடர் வைத்திருப்பவரும் கான்டெஸா வைத்திருப்பவரும் வண்டிப் பெயரை மட்டும் மாற்றி இதையே கேட்கிறார்கள்.

மொத்த லைன் என்று நான் சொல்வது, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள ஜாயிண்டில் தொடங்கி டெயில் பைப் நுனி வரைக்கும். மேனிஃபோல்டுக்குப் பதிலாக தனித்தனிக் குழாய்களாக வரும் ஹெடர் போடுவது தனிக் கதை, அது பின்னால் வரும்.

எந்த உலோகம், என்ன சத்தம் என்பவை கடைசிக் கேள்விகள். வண்டி இறங்கிய பிறகு அடியில் எவ்வளவு இடம் மிச்சம், பின் ஆக்ஸில் மேலே எவ்வளவு தூரம் வரும், வண்டி வாரத்தில் எத்தனை நாள் ஓடும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யூடியூபில் ஒரு சத்தத்தைக் கேட்டு மயங்கி, அதற்கேற்ற டப்பாவை (சத்தத்தை அடக்கும் சைலன்சர் பெட்டி) வாங்கிக்கொண்டு வந்து, வண்டிக்கடியில் இடம் தேடுகிறார்கள்.

## முதலில் அளவு, அப்புறம் ஆசை

வேகத்தடையிலிருந்து ஆரம்பிப்போம். இந்திய சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வில். பத்மினியின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.34 மீட்டர். அந்த வில்லின் மேல் நாலு சக்கரமும் நிற்கும்போது வண்டியின் நடுவில் மேடு எழும்புவது வெறும் 4 செ.மீ. அம்பாசடருக்கு 2.46 மீட்டர் என்பதால் நாலரை. இந்த அளவில் கட்டிய வேகத்தடை எந்தத் தாழ்த்திய வண்டியையும் பெரிதாக இடிக்காது.

நம் ஊர்களில் இருப்பது அது இல்லையே. பள்ளிக்கூடம் முன்னால், கோயில் திருப்பத்தில், ஊர்க்காரர்களே கேட்டு வாங்கிப் போட்டவை ஒரு முழ அகலமும் அரைச் சாணுக்கு மேல் உயரமுமாக நிற்கும். அது இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் வரும்போது அதன் முழு உயரத்தையும் வண்டி தாண்டியாக வேண்டும். டப்பாவை முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் பயனில்லை, மிகத் தாழ்ந்த புள்ளி எதுவோ அதுதான் இடிக்கும். போதாக்குறைக்கு, முன்சக்கரம் மேட்டிலிருந்து இறங்கிய வேகத்தில் ஸ்பிரிங் அமுங்கி, நிறுத்தியிருந்தபோது அளந்த உயரத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

அதனால் அளவை இப்படி எடுங்கள். நாலு பேரை உட்கார வைத்து, டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்போது, சமமான தரையில் அளக்க வேண்டும். முன்பக்க கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) அல்லது சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), எது தாழ்வோ அதன் அடியிலிருந்து, பின்னால் ஆக்ஸில் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃப்ரன்ஷியலின் அடி வரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். குழாயும் டப்பாவும் அந்த நூலுக்கு மேலே இருந்தால் போதும். அதற்கு மேலும் உயர்த்தக் காசு செலவழிப்பது வீண், ஏனென்றால் அடி விழுந்தால் சம்ப்தான் முதலில் வாங்கும். நூலுக்கும் தரைக்கும் 12 செ.மீ. இருந்தால் ஊருக்குள் நிம்மதியாகப் போகலாம். 10 என்றால் கோணலாக ஏற்றி இறக்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே என்றால் அது ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டில் போய்வரும் வண்டி, இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்தடம்) இறக்கவே கூடாது. தோட்டத்து வீட்டுக்குப் போகும் தடத்தில் இரண்டு சக்கரத் தாரைக்கும் நடுவே எழும்பி நிற்கும் மண்மேடு எந்த வேகத்தடையை விடவும் மோசம்.

இரண்டாவது விஷயம் பின் ஆக்ஸில். இதைப் பட்டறைகளிலேயே பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பத்மினி, அம்பாசடர் இரண்டிலும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஒற்றை ஆக்ஸில். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைத்து இறக்கும்போது உடல் கீழே வருகிறது, அதாவது ஆக்ஸில் தளத்தை நெருங்குகிறது. ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் குழாய்க்கு இடம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பள்ளத்தில் விழும்போது ஆக்ஸில் மேலே வரக்கூடிய கடைசி எல்லையைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர். அந்த ரப்பரைத் தொடாமல் விட்டிருந்தால் எல்லை கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கிறது, குறைந்தது பயண தூரம் மட்டும்தான். பழைய அச்சில் வளைத்த குழாய் அப்போதும் ஆக்ஸிலில் படாது.

சிக்கல் எங்கே என்றால், இறக்கிய பிறகு ‘டொம் டொம்’ என்று இடிக்கிறதே என்று அந்த ரப்பரைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய அன்றைக்கே ஆக்ஸிலுக்கு மேலே போகும் குழாயின் இடமும் போய்விட்டது. ஆகவே சைலன்சர் லைனைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் அந்த ரப்பர் முழுசாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வெட்டியிருந்தால் முதல் செலவு அதுதான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில் வகை.

மூன்றாவது, வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. லைன் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஷெட்டில் விட்டுவிடும் வண்டியில் அந்தத் தண்ணீர் டப்பாவுக்குள்ளேயே தங்கிவிடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றில் வெளியிலிருந்து துரு வரும். நம் பக்கம் சைலன்சர் செத்துப்போவது உள்ளேயிருந்துதான். தினமும் திருப்பூருக்கும் கோவைக்கும் ஓடும் வண்டியின் சாதா இரும்புக் குழாய், பொத்திப் பொத்தி வைத்திருக்கும் வண்டியின் குழாயை விட அதிக நாள் தாங்கும்.

சூடு, சத்தம், காகிதம் (சட்டமும் சான்றிதழும்) ஆகிய மூன்றும் ஒவ்வொரு வழியிலும் வேறுவேறாக உதைக்கும். அங்கங்கே சொல்கிறேன்.

## வழி ஒன்று: பழைய அச்சிலேயே புது லைன்

கம்பெனி போட்டிருந்த அதே வளைவு, அதே டப்பா, எம்.எஸ். எனும் சாதா இரும்பில். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் இந்த லைன் இன்னமும் கிடைக்கிறது. மாடல் குழாயை எடுத்துக்கொண்டு போனால் பார்த்து அடித்துத் தருகிற சைலன்சர் கடைகளும் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் உண்டு. லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் குழாய் வளைக்கிற கைகளுக்கு இது பெரிய வேலையில்லை.

இந்த வழியின் பலம், எதையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. தொங்கவிடும் இடங்கள் உடலிலேயே இருக்கின்றன. தாராபுரம் ரோட்டில் நின்றுபோனாலும் கேஸ் வெல்டிங் வைத்திருக்கும் யாரும் ஒட்டித் தருவார்கள். சத்தம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

பலவீனம், கம்பெனிக்காரன் அந்த லைனைத் தொங்கவிட்ட உயரம் தாழ்த்தாத வண்டிக்கானது. நடு டப்பா நூலுக்குக் கீழே ஓர் அங்குலம் தொங்கும். இதற்கு எல்லோரும் செய்வது ரப்பர் தொங்கலைச் சின்னதாக்கி மேலே இழுத்துக் கட்டுவது. ஓரளவுக்குச் சரிதான். ஆனால் தளத்துக்கும் டப்பாவுக்கும் நடுவே இரண்டு விரல் கடைகூட இல்லாமல் இழுத்தால், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் கருகும் வாசனை சித்திரை மாதத்தில் உள்ளே வரும். இழுத்துக் கட்டிய லைன் ஆட இடமில்லாமல் மேனிஃபோல்டு ஜாயிண்டில் போய் முறுக்கும். பேக்கிங் அடிக்கடி போகிறது என்று சொல்பவர்கள் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இங்கிலாந்திலிருந்து மோரிஸ் மைனர், ஹெரால்டு போன்றவற்றுக்கு வரும் ஸ்டெயின்லெஸ் செட்டுகளையும் இந்த வழியில்தான் சேர்க்க வேண்டும். பளபளப்பும் பூச்சும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவையும் தாழ்த்தாத உயரத்துக்கு வெட்டியவை. கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி வாங்கி, இங்கே கொண்டுவந்து அறுத்து ஒட்டுவதில் அர்த்தமில்லை.

இந்த வழி யாருக்கு? ஓர் அங்குலத்துக்குள் இறக்கியவர்களுக்கு, வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, என்றைக்காவது வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் உள்ளவர்களுக்கு. வண்டியை விற்கும் யோசனை இருந்தாலும் இதுதான் நல்லது, வாங்குகிறவர் முதலில் அடியில் குனிந்து பார்ப்பார்.

## வழி இரண்டு: வண்டியடியிலேயே அளந்து கட்டும் லைன்

இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ இறக்கியிருந்தால் எனக்குத் தெரிந்து நியாயமான வழி இதுதான். ஆனால் நன்றாகச் செய்தால் மட்டும். மோசமாகச் செய்தால் முதல் வழியை விடவும் தலைவலி.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் போடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆர்கான் வெல்டிங்கில் அவர்கள் கை சுத்தம். குழாய்க்கு உள்பக்கமும் ஆர்கான் விட்டு ஒட்டினால்தான் உள்ளே கருகிப் பொருபொருவென்று ஆகாமல் இருக்கும் என்பதைக் கார் பட்டறையில் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். பால் குழாய் ஒட்டுகிறவருக்கு அது அன்றாட வேலை. எனவே வளைவுகளையும் டப்பாவையும் கார் பட்டறையில் வண்டியடியில் புள்ளி வைத்து (அங்கங்கே லேசாக ஒட்டி) நிறுத்திவிட்டு, கழற்றி எடுத்துப் போய் முழு ஒட்டை அவரிடம் கொடுப்பது நல்ல ஏற்பாடு.

குழாய் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. “ஒன்றரை இஞ்ச் குழாய்” என்று தண்ணீர்க் குழாய், ஆலைக் குழாய் விற்கும் கடையில் கேட்டால் கையில் வருவது வெளி விட்டம் 48.3 மி.மீ. உள்ளது. அவர்கள் கணக்கு நாமினல் போர், அதாவது பெயரளவிலான உள் விட்டம். இரண்டு இஞ்ச் என்றால் 60.3 மி.மீ. சுவரும் தடிமன், எடையும் அதிகம். நமக்கு வேண்டியது வெளி விட்டக் கணக்கில் 38 மி.மீ. அது டெய்ரி குழாய் விற்கும் இடத்தில் கிடைக்கும். 38, 51 என்று வெளி விட்ட அளவிலேயே வரும், சுவர் மெலிது, வளைவுகளும் அகலமான ஆரத்தில் தயாராகக் கிடைக்கும். பிரஸ்ஸில் நசுங்கிய வளைவை விட இந்த வளைவுகளை வெட்டிச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

விட்டம் எவ்வளவு? பத்மினியின் 1089 சிசி இன்ஜினுக்கு 38 மி.மீ. போதும். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினுக்கும் அதே வண்டியில் பின்னால் வந்த இசுசு 1817 சிசி இன்ஜினுக்கும் ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டு அங்குலம் போட்டால் சக்தி கூடும் என்பது கடைப் பேச்சு. இந்த இன்ஜின்கள் விடும் காற்றுக்கு அவ்வளவு பெரிய குழாய் வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும். அதோடு ஒன்றரைக்குப் பதில் இரண்டு போட்டால் தரையிலிருந்து 13 மி.மீ.யைக் காரணமே இல்லாமல் இழக்கிறோம். வண்டியை இறக்கியவர்களுக்கு 13 மி.மீ. எவ்வளவு பெரிய தொகை என்பது தெரியும்.

இடம் இன்னும் போதாத இடத்தில் குழாயை முட்டை வடிவமாக நசுக்கலாம். 38 மி.மீ. குழாயை 28 மி.மீ. உயரத்துக்கு நசுக்கினால் உள் பரப்பில் சுமார் 8 முதல் 10 சதவீதம்தான் குறையும், உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் லாபம். சுத்தியால் தட்டாமல் டை வைத்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் தையல் கோடு விட்டுவிடும். முழு நீளத்துக்கும் இப்படிச் செய்யாதீர்கள், தட்டையான பக்கம் அதிர்ந்து தகரம் மாதிரி ரீங்காரம் போடும். நூலுக்குக் கீழே போகும் இடத்தில் மட்டும் போதும்.

டப்பாவை ஒரே பெரியதாக வைக்காமல், நடுவில் தட்டையான ஒன்றும் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இன்னொன்றுமாகப் பிரிப்பது நல்லது. நேர்க்குழாய் டப்பா மட்டும் போட்டால் வெளியே கேட்க இனிமைதான். உள்ளே உட்கார்ந்து ஊட்டி வரை போய்ப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 80 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த ‘ம்ம்ம்’ பழைய வண்டியின் தகட்டுக் கூரையில் போய் நிற்கும், மேட்டுப்பாளையம் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியை இறக்கிவிடுவார். ஒன்றாவது உள்ளே தடுப்புத் தகடு வைத்த டப்பாவாக இருக்கட்டும். இரண்டிலுமே மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள், தண்ணீர் சொட்டிப் போய்விடும்.

எம்.எஸ்.ஸா, எஸ்.எஸ்.ஸா? தினமும் ஓடும் வண்டிக்கு நல்ல தடிமனான எம்.எஸ். போதும். மாதத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் வண்டிக்குத்தான் ஸ்டெயின்லெஸ் உண்மையாகவே பிரயோசனம். இது பலருக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு அதைத்தான் சொல்கிறது. எஸ்.எஸ். என்றாலும் எந்த ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போடும் 202 ரகத்தை 304 என்று தள்ளிவிடுவது சுலபம். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுமே ஒட்டாது, எனவே காந்தச் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியாது. கார் கம்பெனிகள் போடும் 409 ரகம் காந்தத்தில் ஒட்டும், மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் நன்றாக உழைக்கும். அது ஒட்டுகிறதே என்று யாராவது மட்டம் சொன்னால் நம்பாதீர்கள்.

304-இல் இன்னொரு விஷயம், அது அதிகம் விரியும். மூன்று மீட்டர் லைன் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் எம்.எஸ். குழாய் சுமார் 11 மி.மீ. நீளும், 304 என்றால் 15-க்கு மேல். இறுக்கமாக ஒளித்துவைத்த லைனில் இந்த நாலைந்து மி.மீ. எங்கேயாவது போய் முட்டும். இன்ஜின் பக்கம் வளைந்து கொடுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு, பின்னால் முன்னும் பின்னும் நகர விடும் ரப்பர்கள், நீளவாக்கில் 20 மி.மீ. காலியிடம், இவை இல்லாத எஸ்.எஸ். லைன் முதல் வருஷத்திலேயே ஒட்டில் விரிசல் விடும்.

ஹெடர் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். கார்புரேட்டர், கேம் எதையும் தொடாத இன்ஜினில் சத்தம் மாறும், வேறொன்றும் பெரிதாக நடக்காது. அதன் குழாய்கள் ஒன்றுசேரும் இடம் கியர்பாக்ஸ் பக்கத்தில் நூலுக்குக் கீழேதான் பெரும்பாலும் வந்து நிற்கும். அம்பாசடரின் 1489 இன்ஜினுக்கு வெளியேற்றும் வாய் மூன்றுதான், நடுவில் இரண்டு சிலிண்டர் ஒரே வாயைப் பகிர்கின்றன. நாலு குழாய் ஹெடரைக் கொண்டுவந்து இதற்கு மாட்ட வழியே இல்லை. அதோடு இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே வாஷர்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. ஹெடர் ஃபிளேஞ்சின் (போல்டு மாட்டும் தட்டு) தடிமன் இன்டேக் ஃபிளேஞ்சோடு ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒரு பக்கம் ஒழுகும். செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு வண்டி கொண்டுபோகிறவர் என்றால் அது வேறு.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். பொருளை விடக் கூலி பெரிது. முதலில் சொன்ன தொகைக்கு மேல் சூடுதடுக்கும் தகடு, ஃப்ளெக்ஸ், ரப்பர், கிளாம்பு என்று தனித்தனியாக வந்துகொண்டே இருக்கும். வண்டி பட்டறையில் பல நாள் நிற்கும். வழியில் விட்டுப்போனால் எஸ்.எஸ். லைனை எல்லோராலும் ஒட்ட முடியாது. இரண்டு வருஷம் கழித்து கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருந்தால், லைனை மூன்று துண்டாகக் கழற்ற வழி வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்து உங்கள் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார் அல்லது திட்டுவார்.

## வழி மூன்று: பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே விடுவது

ஆக்ஸில் தொல்லையே வேண்டாம் என்று நடு டப்பாவோடு முடித்து, பின் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் நுனியை எட்டிப் பார்க்க வைப்பது. மலிவு, எடை குறைவு, படத்தில் பார்க்க மிடுக்கு. எனக்கு இது பிடிக்காது, காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-ஆவது விதி, புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடப்பக்கமோ வரக் கூடாது, மேலேயோ பின்னாலோ வலப்பக்கமோ போகலாம் என்கிறது. அம்பாசடரின் 1489 இன்ஜினில் மேனிஃபோல்டு இருப்பதே இடப்பக்கம். வலப்பக்கம் கொண்டுவர வேண்டுமென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அடியில் குறுக்கே போக வேண்டும், அதுவே வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியாகிவிடும். எதிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ அதிலேயே போய் விழுகிறோம். டெயில் பைப் நுனியைத் தரையைப் பார்த்து வளைத்து மறைக்கும் ஸ்டைலும் அதே விதியில் அடிபடும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பழைய வண்டிகளின் கதவு ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருக்கும், ஏசி கிடையாது, கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும். காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது பின் சீட்டுக்கு நேர் கீழிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. முகூர்த்த நாளில் பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு மண்டபம் போகும் வண்டியில் இந்த வேலை வேண்டாம்.

ஓட்டுநர் மட்டும் உட்காரும், பந்தயத்துக்கு அல்லது காட்சிக்கு டிரெய்லரில் போகும் வண்டி, மேனிஃபோல்டு வலப்பக்கம் உள்ள வண்டி என்றால் இதை யோசிக்கலாம். அப்போதும் நுனி உடல் தகட்டைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும்.

## நாலாவதாக ஒன்று

வண்டியை ஓர் அங்குலம் ஏற்றுங்கள். இதை யாரும் கேட்க விரும்புவதில்லை என்று தெரியும். ஆனால் பின்னால் ஓர் அங்குலம் குறைந்த பிளாக், முன்னால் கொஞ்சம் சரிசெய்தல் என்று முடித்து, முதல் வழி லைனைப் போட்டால் இரண்டாவது வழியின் கூலி மொத்தமும் மிச்சம். ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி, திம்பத்தில் 27. குடும்பத்தோடு மலை ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | பழைய அச்சு | அளந்து கட்டியது | பக்கவாட்டு |
|---|---|---|---|
| தரை இடைவெளி | ஓர் அங்குலம் இறக்கினால் சமாளிக்கும் | நூலுக்கு மேலே கொண்டுவரலாம் | நடு டப்பா எங்கேயோ அங்கே |
| கைச்செலவு | குறைவு | அதிகம், எஸ்.எஸ். என்றால் இன்னும் | மிகக் குறைவு |
| பின்னால் வரும் செலவு | பேக்கிங், உள்துரு | விரிசல், கழற்றும் கூலி | அபராதம், திரும்பச் செய்வது |
| சத்தம் | பழையபடி | டப்பாவைப் பொறுத்தது | உள்ளே அதிகம் |
| வழியில் பழுது பார்க்க | எங்கும் முடியும் | எம்.எஸ். என்றால் எங்கும், எஸ்.எஸ். என்றால் ஆர்கான் வேண்டும் | எங்கும் முடியும் |
| பொருந்துவது | தினசரி வண்டி | இரண்டு அங்குலம் இறக்கிய வண்டி | சாலைக்கு வராத வண்டி |

## காகிதமும் நெருப்பும்

சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய். இரண்டிலும் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. வண்டியை இறக்கியதே கேள்விக்கு உள்ளாகும் நிலையில் சத்தமும் சேர்ந்தால் நிறுத்திப் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸில் காட்ட வேண்டும், அதனால் பழைய டப்பாவும் பழைய ஸ்பிரிங் சாமானும் பரணில் இருக்கட்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கும் ஆசை இருந்தால், வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்களுக்கு முதல் வழி தவிர வேறு பேச்சே வேண்டாம்.

புகைச் சான்றிதழுக்குப் போகும்போது ஜாயிண்டில் ஒழுகல் இருந்தால் அளவீடு சரியாக வராது. டெயில் பைப் நுனியில் ஆய்வுக் கம்பி உள்ளே போக நேராகக் கொஞ்ச நீளமும் வேண்டும். பம்பருக்குப் பின்னால் முழுக்க மறைத்துவிட்டால் அங்கேயும் வாக்குவாதம்தான்.

நெருப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் கொள்ளுச்செடியையும் ராகித் தாளையும் வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் தாழ்த்திய வண்டி போனால் காய்ந்த செடி சுருண்டு போய்ச் சூடான குழாயில் சிக்கிக்கொள்ளும். வழி எதுவானாலும் ஆபத்து ஒன்றுதான். ஒளித்துக் கட்டிய லைனில் இன்னும் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் சிக்கியது தானாக உதிராது, குனிந்து பார்த்தாலும் தெரியாது. பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாய்க்கும் சைலன்சருக்கும் குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று 113-ஆவது விதி சொல்வதை அளவுகோல் வைத்தே சரிபாருங்கள். அப்படிப்பட்ட சாலை வந்தால் சுற்றிப் போவதே மேல், முடியாவிட்டால் தாண்டியவுடன் நிறுத்தி அடியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

## பட்டறையில் சொல்ல வேண்டியவை

வண்டியை இரண்டு கை லிஃப்டில் தூக்கி வைத்து லைன் கட்ட விடாதீர்கள். உடலைப் பிடித்துத் தூக்கினால் ஆக்ஸில் தொங்கிவிடும், மேலே ஏராளமான இடம் இருப்பதுபோல் தெரியும். கீழே இறக்கியதும் அந்த இடம் காணாமல் போய்விடும். பிட் (கீழே இறங்கி வேலை பார்க்கும் குழி) உள்ள பட்டறையாகப் பார்த்து, சக்கரம் தரையில் நிற்க, டிக்கியில் மூட்டை வைத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆக்ஸில் மேலே கடைசி வரை வந்தாலும் குழாய்க்கு 15 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதை ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கி வைத்து, ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் வரை தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே சரியான சோதனை. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஃபிளேஞ்ச் போல்டுகள் மேலும் கீழுமாக இல்லாமல் இடமும் வலமுமாக வரட்டும், போல்டுத் தலைதான் பலருக்கும் முதலில் தரையைத் தொடுகிறது. நட்டு பின்பக்கம் பார்த்திருந்தால் இடித்தாலும் மரை கெடாது. முன்பணம் கொடுக்கும் முன் குழாய் விட்டம், சுவர்த் தடிமன், ரகம், எத்தனை ஜாயிண்ட், எத்தனை தொங்கல் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லைன் மாட்டிய பிறகு நன்றாகச் சூடேறும் வரை ஒரு ஓட்டம் ஓட்டி, ஆறவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். தளத்தில் எங்கேயாவது புதிதாகப் பளபளப்பாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் அந்த இடத்தில்தான் குழாய் படுகிறது, அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்குங்கள்.